விமானியின் கவச குண்டலம்

கர்ணன் பிறக்கும்போதே கவச குண்டலங்களுடன் பிறந்தான் என்பது பாரதக் கதை. கவசம் மார்புக்கு, குண்டலம் காதுக்கு. அவை உடம்பில் இருந்த வரையில் அவனை வெல்ல வல்லவர் எவரும் இல்லை. இந்திரன் பிராமண வேஷம் பூண்டு வந்து யாசித்த போது, அந்த மகாநுபாவன் இரண்டையும் அறுத்துக் கொடுத்துவிட்டான். அதன் பலன் என்ன ஆயிற்று என்பது நேயர்கள் அறிந்ததே.

சிறிய ஆகாய விமானங்களை ஓட்டும் விமானிகளும் கவசமும் குண்டலமும் ஒன்றாய்க் கூடின ஒரு பொருளை அணிகிறார்கள். இரு காதுகளையும் மூடும் இரண்டு கிண்ணங்கள், அவற்றை இணைக்கும் தலைப்பட்டை, வாய்க்கு முன்னால் நீளும் ஒரு கம்பியின் முனையில் சிறு மைக் - இவ்வளவுதான் அதன் உருவம். 'ஹெட்செட்' என்று அவர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். செவிக்கவசம் என்று நாம் சொன்னாலும் தகும். ஆனால் இது பிறவியிலே வருவதன்று. விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆகவே எதை வாங்குவது, வாங்கினதை எப்படிப் பேணுவது என்று தெரிந்திருக்க வேண்டியது அவசியமாகிறது.

இது எங்கோ ஆகாயத்தில் பறப்பவர்களின் கவலை, நமக்கென்ன என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். சென்ற கோடையில் நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டுக்குப் போன பிறகு அந்த எண்ணம் மாறிற்று. வடக்கே ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் பயிலும் அவன், முதல் நாள்தான் விடுமுறையில் வந்திருந்தான். தகப்பனார் நிலத்தை ஈடு வைத்து அனுப்பியிருக்கிறார். கூடத்தில் பேசிக் கொண்டிருக்கையில், "காப்பி ஆறுகிறதேடா!" என்று அடுக்களையிலிருந்து தாயார் குரல் கொடுத்தார். நம் காதில் விழுந்தது; பையன் காதில் விழவில்லை. மூன்றாந்தரம் கூப்பிட்ட பிறகே, "என்ன அம்மா?" என்று திரும்பினான்.

"உன் காதுக்கு என்னப்பா?" என்று கேட்டோம்.

"ஒன்றுமில்லை, ஸார். விமானத்தை விட்டு இறங்கினால் காதுக்குள் வண்டு ரீங்காரம் செய்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் இரண்டு நாளில் சரியாய்ப் போய்விடும். எங்கள் பையன்கள் பலருக்கும் அப்படித்தான்."

அவனுடைய ஹெட்செட்டை வாங்கிப் பார்த்தோம். மூத்த மாணவன் ஒருவனிடம் பாதி விலைக்கு வாங்கினதாம். கிண்ணத்தைச் சுற்றியிருந்த மெத்தை வளையம் கோடைக்கால ஏரி போல் வெடித்துக் கிடந்தது!

வலிக்காத காயம்

கத்தி பட்டால் வலிக்கும். நெருப்புச் சுட்டால் வலிக்கும். இரைச்சல் காதைச் சிதைக்கும் போது வலிப்பதில்லை. அதுதான் அதிலுள்ள பெரிய மோசம். உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட உறுப்பு ஒன்று இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய உணர்விழைகளைத் தாங்கிய அணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 உண்டு. இரைச்சலில் அவை முதலில் களைத்துப் போகின்றன. ரீங்காரம் அந்தக் களைப்பின் கூக்குரல். ஓய்வு கொடுத்தால் தேறும். ஓயாமல் அடித்துக் கொண்டேயிருந்தால் மாண்டு போகும். மாண்டது மனிதனுக்கு மறுபடியும் முளைப்பதில்லை.

இரைச்சலை டெசிபெல் என்னும் அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு ஒரே மணி. சிறிய விமானத்தின் அறையிலோ இரைச்சல் 90 டெசிபெலை ஒட்டி நிற்கும். தரையை விட்டு எழும்பும் சமயத்தில் அதையும் தாண்டும். நம் தேசத்தில் தொழில்முறை விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கவசம் சரியில்லாமல் 200 மணி நேரம் பறப்பது, காதைக் கொடுத்து உரிமத்தை வாங்குவதற்கு ஒப்பாகும். அந்த உரிமமும் காது கேட்டால்தான் நிலைக்கும். வைத்தியப் பரீட்சையில் செவிப்புலனையும் சோதிக்கிறார்கள்.

1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்ஸென்ட் பெல்லாரி வழியாய்ச் சென்னைக்கு அதைக் கொண்டு வந்து சேர்த்தார். அந்தச் சிறு விமானத்தில் ரேடியோ கிடையாது. தரையோடு பேச வேண்டிய வேலையும் விமானிக்கு இல்லை. இன்றோ, எந்த உயரத்தில் பறப்பது, எந்தப் பாதையில் இறங்குவது என்ற உத்தரவுகளெல்லாம் காது வழியாகவே வருகின்றன. ஓர் எண்ணைத் தவறாய்க் கேட்டால் உயிருக்கே ஆபத்து. 'நைன்' என்பது 'ஃபைவ்' என்று காதில் விழுந்து விடக்கூடாதென்று, உலகெங்கும் விமானிகள் 'நைனர்' என்று நீட்டிச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இரைச்சலால் காது கெடும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் அந்த ஸ்தாயியைச் சேர்ந்தவை. பேச்சு கேட்கும், சொல் விளங்காது.

தவிலும் நாகஸ்வரமும்

அடுத்த வீட்டில் கல்யாணம் என்று வைத்துக் கொள்வோம். ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்திவிட்டால் நாகஸ்வரம் மங்கிப் போகும். தவிலின் 'தொம், தொம்' மட்டும் சுவரைத் துளைத்துக் கொண்டு வந்து மார்பில் இடிக்கும். மேல் ஸ்தாயி ஒலியைத் தடுப்பது சுலபம். கீழ் ஸ்தாயி ஒலியைத் தடுப்பது கஷ்டம்.

சிறு விமானத்தின் இரைச்சல் பெரும்பாலும் தவில் ஜாதி. பயிற்சிப் பள்ளிகளில் பிரசித்தமான செஸ்னா 172 விமானத்தை எடுத்துக் கொள்வோம். அதன் சுழல் விசிறிக்குச் சாதாரணமாய் இரண்டு இலைகள். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால், வினாடிக்கு 40 சுற்று. இரண்டு இலைகளும் சேர்ந்து வினாடிக்கு 80 தடவை காற்றை அறைகின்றன. நான்கு ஸிலிண்டர் இஞ்சினிலும் கணக்கு வினாடிக்கு 80 வெடி என்றே வருகிறது. 80 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல்! அதை ஓர் அங்குல மெத்தையால் முழுவதும் தடுக்க நினைப்பது முறத்தால் மழையைத் தடுப்பது போலத்தான்.

தடுக்க முடியாததை எதிர் அலையால் அழிக்கலாம் என்று கண்டவர்கள் கெட்டிக்காரர்கள். கோயில் திருக்குளத்தில் இரண்டு கற்களைப் போட்டால் இரண்டு அலை வட்டங்கள் பரவும். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தோடு சந்திக்கும் இடத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஒலியும் அலைதானே? கிண்ணத்துக்குள்ளே ஒரு சின்ன மைக் இரைச்சலைக் கேட்கும். மின்சாரக் கருவி அதற்கு நேர் எதிரான அலையைப் படைத்து ஒலிக்கும். மேடும் பள்ளமும் கூடி இரைச்சல் அடங்கும். மேல் ஸ்தாயியைக் கிண்ணமும் மெத்தையும் தடுக்கின்றன. கீழ் ஸ்தாயியை எதிர் அலை அழிக்கிறது.

தேச பக்தரின் மகன்

இந்த யோசனை புதிதன்று. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலத்து மின்சாரக் கருவிகளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதவில்லை. விமானிகளின் தலையில் இதை ஏற்றி வைத்த பெருமையில் பெரும்பங்கு ஓர் இந்தியத் தந்தையின் மகனைச் சேரும்.

நோனி கோபால் போஸ் என்பவர் கல்கத்தாவில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பிரிட்டிஷ் போலீஸாரின் கைக்குத் தப்பி, 1920-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் அமர் கோபால் போஸ் 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்தார். இரண்டாவது மகா யுத்தத்தில் தகப்பனாரின் வியாபாரம் நொடித்த போது, பள்ளிச் சிறுவனாயிருந்த அமர், ரேடியோ ரிப்பேர் செய்து குடும்பத்துக்குக் கை கொடுத்தார். பிறகு மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் நெடுங்காலம் இருந்தார்.

1978-இல் அவர் ஸூரிக் நகரத்திலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் வந்து கொண்டிருந்தார். சங்கீதம் கேட்பதற்கென்று பிரயாணிகளுக்குக் கொடுத்த கருவியைக் காதில் மாட்டினார். இஞ்சின் இரைச்சலே கேட்டது, சங்கீதம் கேட்கவில்லை. மற்றவர்களாயிருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். அவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். விமானம் இறங்குமுன் அடிப்படைக் கணக்கு முடிந்து விட்டது. கருவி முடிவதற்கோ பல வருஷம் பிடித்தது. 1986 டிஸம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 'வாயேஜர்' விமானத்தில் எங்கும் இறங்காமல், நடுவில் எண்ணெயும் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தார்கள். அவர்களுடைய செவியைக் காப்பதற்குக் கொடுக்கப்பட்டது இந்தக் கருவியின் மாதிரியே. 1989 முதல் அது விமானிகளுக்கு விலைக்கு வந்தது. வேறு பல கம்பெனிகளும் பின்னர் இவ்வகைக் கருவிகளைச் செய்யத் தொடங்கின. அமர் போஸ் 2013-இல் காலமானார். தம் கம்பெனியின் பங்குகளில் பெரும்பகுதியை அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே தாம் பயின்ற கழகத்துக்கு அளித்துவிட்டார். கொடையிலே கர்ணன்தான், ஆனால் இவர் குண்டலத்தை அறுத்துக் கொடுக்கவில்லை, ஊராருக்கெல்லாம் செய்து கொடுத்தார்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மின்சாரமில்லாத சாதாரணக் கவசம் விலை குறைவு, உழைப்பு அதிகம். எதிர் அலைக் கவசத்தில் உயர்ந்த ரகம் ஆயிரம் டாலரையும் தாண்டும். கையில் பொருளிருந்து, நெடுநேரம் பறப்பவர்களுக்கு அதுவே நல்லது. காதோடு களைப்பும் குறையும். பொருளில்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நல்ல சாதாரணக் கவசம் 20 முதல் 25 டெசிபெல் வரையில் குறைக்கும். அதற்குள்ளே நுரைப்பஞ்சுக் காதடைப்பான் ஒன்றும் வைத்துக் கொண்டால் அற்ப செலவில் இரட்டைக் காவல். ரேடியோவின் ஒலியைச் சற்று உயர்த்திக் கொள்ள வேண்டும், அவ்வளவே.

ஆனால் ஒன்று. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டெசிபெல் எண், பரிசோதனைச் சாலையில் புது வளையத்துடன் சரியாய்ப் பொருத்திப் பார்த்த எண். வளையத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஊசி நுழையும் சந்து இருந்தாலும் தவில் உள்ளே புகுந்துவிடும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியுடனேயே மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். காம்பு மெல்லியதாயிருப்பது உத்தமம். கடையில் இரண்டு நிமிஷம் மாட்டிப் பார்த்துத் திருப்தியடையலாகாது. அரை மணி நேரம் தலையில் இருக்கட்டும். செருப்புக் கடிப்பது தெருக்கோடி போனால்தானே தெரியும்!

அடுத்தபடி பிளக். சிறு விமானங்களில் சாதாரணமாய் இரண்டு பிளக்குகள்: பருமனானது கேட்பதற்கு, மெல்லியது பேசுவதற்கு. ஹெலிகாப்டருக்கு ஒரே பிளக்; அது இதில் பொருந்தாது. விமானத்திலிருந்தே மின்சாரம் வாங்கிக் கொள்ளும் ஆறு முள் பிளக் வேறு உண்டு. எந்த விமானத்தில் பறக்கிறோம் என்று பார்த்து வாங்காவிட்டால், மாற்றும் இணைப்புக்குத் தனியே பணம் அழ வேண்டிவரும்.

பாட்டரி தீர்ந்த பிறகும் ரேடியோ கேட்கிறதா, மைக் பேசுகிறதா என்பது மிகவும் முக்கியம். எதிர் அலை நின்று போனால் இரைச்சல்தான் கூடவேண்டுமே ஒழிய, பேச்சு அறுந்து போகக்கூடாது. வீட்டில் சங்கீதம் கேட்க வாங்கின கருவியை விமானத்துக்குக் கொண்டு போகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதில் வாய்க்கருகே நீளும் மைக் இல்லை. விமானப் பிளக் இல்லை. அந்த வேலைக்காக அதைச் செய்யவுமில்லை.

மௌனத்திலும் அபாயம் உண்டு

இரைச்சல் அடங்கினால் எல்லாம் சுகம் என்று எண்ணிவிடக் கூடாது. இஞ்சினின் குரல் மாறுவதும் விமானிக்கு ஒரு சேதி. 2007-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: இத்தகைய கவசங்களை அணிந்தவர்களுக்கு அபாய மணியோசையும், யந்திரத்தின் வழக்கமில்லாத சப்தமும் கேளாமற் போகலாம் என்று. ஆகவே புதுக் கவசம் வாங்கினவர்கள், முதலில் ஆசிரியருடன் பறந்து, எந்த எச்சரிக்கை ஒலி காதில் விழுகிறது, எது விழவில்லை என்று தெரிந்து கொள்ள வேண்டும். செவி விட்டதைக் கண் பிடிக்க வேண்டும். கருவி முட்களின் மேல் பார்வை அடிக்கடி செல்லட்டும்.

பேணும் முறை

கவசத்தின் உயிர் மெத்தை வளையத்தில் இருக்கிறது. வியர்வையும் தலையெண்ணெயும் அதற்கு ஜன்ம விரோதிகள். பறந்து முடிந்ததும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு மிகுந்தால் மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். ஸ்பிரிட், பெட்ரோல் முதலியவற்றைக் கிட்டவே கொண்டு போகக் கூடாது. வளையம் விறைத்தாலோ வெடித்தாலோ தயங்காமல் மாற்ற வேண்டும். முழுக் கவசத்தின் விலையோடு பார்த்தால் வளையத்தின் விலை சொற்பம். பழைய கவசம் வாங்குகிறவர்கள் புது வளையத்தின் விலையையும் சேர்த்தே பேரம் பேசட்டும்.

மைக்கின் மேலிருக்கும் பஞ்சு உறை எச்சில் பட்டுக் கெடும். அவ்வப்போது மாற்ற வேண்டும். மைக் வாயின் ஓரமாய், உதட்டிலிருந்து கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தூரத்து இரைச்சல் அதன் முன்னும் பின்னும் சமமாய்த் தாக்கி ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். அருகிலிருக்கும் குரல்தான் தப்பி உள்ளே போகும். மோவாய்க்குக் கீழே இறக்கி விட்டுக் கொண்டு, "ரேடியோ சரியில்லை" என்று புகார் சொல்லுவதில் பயனில்லை.

வயரைப் பிடித்து இழுத்துப் பிளக்கைக் கழற்றக் கூடாது. வயரை இறுக்கிச் சுற்றக் கூடாது; ஆசனத்தடியிலும் கதவிடுக்கிலும் சிக்க விடக் கூடாது. வெயிலில் நிற்கும் விமானத்தின் கண்ணாடியருகே கவசத்தை வைத்துவிட்டுப் போவது, அப்பளத்தைக் காயப் போடுவதற்குச் சமானம். நெடுநாள் பறக்காவிட்டால் பாட்டரியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கசிந்து உள்ளே அரித்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பிளக்கும் கடைசி வரை அழுந்தியிருக்கின்றனவா என்று ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். ரேடியோ கெட்டுவிட்டது என்று கலங்குகிறவர்களில் பலருக்கு, உண்மையில் நழுவியிருப்பது பிளக்தான். கூட வரும் பிரயாணிகளுக்கும், முக்கியமாய்க் குழந்தைகளுக்கும், கவசம் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

அந்தப் பையன்

நாமும் அவன் தகப்பனாருமாக அவனைக் காது வைத்தியரிடம் அழைத்துப் போனோம். விடுமுறையில் இரண்டு வாரம் ஓய்வு பெற்ற பிறகே பரிசோதனை நடந்தது. பெரும்பாலும் காது தேறியிருந்தது. ஆனால் 4,000 அதிர்வுள்ள ஸ்தாயியில், கோட்டுப் படத்தில் ஒரு சிறு பள்ளம். "இது இனி நிரம்பாது. ஆழமாகாமல் பார்த்துக் கொள்வது உன் கையில் இருக்கிறது" என்றார் வைத்தியர். தகப்பனார் வாய் திறக்கவில்லை. திரும்பி வருகையில், "புது வளையம் என்ன விலையடா?" என்று மட்டும் கேட்டார். சொன்னான். "இதையா ஒரு வருஷமாய் வாங்காமல் இருந்தாய்?" என்றார்.

"உங்களுக்கு இன்னும் செலவு வைக்க வேண்டாமென்று பார்த்தேன், அப்பா."

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேள்விக்கு வாசலாகிய செவியை நாம் அவ்வளவாய் மதிப்பதில்லை. விமானிக்கு மட்டுமல்ல, விசைத்தறிக் கூடத்தில் நாள் முழுதும் நிற்கும் தொழிலாளிக்கும், காதில் கருவியைச் செருகி ஒலியை உச்சத்தில் வைத்துக் கொள்ளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் டெசிபெல் கணக்கு ஒன்றுதான். கர்ணனாவது கேட்டவன் இந்திரன் என்று தெரிந்தே கொடுத்தான். நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று கூடத் தெரியாமல் செவியைக் கொடுத்துவிடலாமா?